அம்மாவின் பெயரில் ஒரு லாட்ஜ்

எனக்குப் பதினோரு வயதான கோடை விடுமுறையில்தான் நாங்கள் குடும்பத்தோடு முதன்முதலாக மெட்ராஸுக்குப் போனோம். அப்பா, அம்மா, நான், முதல் வகுப்பு முடித்திருந்த என் தம்பி. எங்கள் ஊர் திருச்சி. அப்பா அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தார்.

அம்மா மெட்ராஸ் பக்கத்துப் பெண் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. லீவு விட்டதும் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மாமா வீடு, சித்தி வீடு என்று கிளம்பிவிடுவார்கள். "நமக்கு மட்டும் ஏம்மா மாமா இல்ல?" என்று கேட்டால், "எங்க வீட்ல யாரும் இல்லடி. எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க" என்பாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தால் நறுக்குவதை நிறுத்தக்கூட மாட்டாள். அப்பாதான் அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போவார்.

அப்பா வேதக்காரர், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போவார். அம்மா வீட்டில் முருகன் படம் வைத்துக் கும்பிடுவாள். இரண்டுக்கும் எங்கள் வீட்டில் இடம் இருந்தது. அதனால் இதில் கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை.

வருடா வருடம் அப்பா மெட்ராஸ் போகலாம் என்பார். அம்மா வேண்டாம் என்பாள். கடைசியில் வேளாங்கண்ணிக்குப் போய் வருவோம். அந்த வருடம் தம்பி விடவில்லை. வண்டலூரில் மிருகக்காட்சிசாலை திறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அங்கே சிங்கத்தைக் கூண்டில் அடைக்காமல் வெளியே விட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பார்த்தே ஆக வேண்டும் என்று தரையில் புரண்டான். "எக்மோர்ல தங்குறதா இருந்தா வர்றேன்" என்று ஒப்புக்கொண்டாள் அம்மா.

எக்மோர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு லாட்ஜை அப்பாவிடம் படித்த பையன் ஒருவன் சொல்லியிருந்தான். பால்கனி உண்டு, ஃபேன் நன்றாகச் சுற்றும் என்றான். இரண்டும் உண்மை. தண்ணீர் கிடையாது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அந்தக் கோடையில் நகரம் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நாலு பேருக்குமாகக் காலையில் இரண்டு பக்கெட் கொண்டுவந்து வைத்தார்கள். தம்பி தலையெல்லாம் சோப்பு நுரையோடு நின்று அலற, அம்மா கூஜாவில் இருந்த குடிதண்ணீரை எடுத்து அவன் கண்ணைக் கழுவினாள்.

அப்பா கீழே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"தாம்பரத்துல கிணத்துத் தண்ணி தாராளமா இருக்காம். எலெக்ட்ரிக் ட்ரெயின் அடிக்கடி இருக்கு. வண்டலூரும் பக்கம். அங்க போயிடலாம்."

"அங்க வேணாம்" என்றாள் அம்மா.

"எத்தனை வருஷம் ஆச்சு? உன்னை யாரு அடையாளம் கண்டுபிடிக்கப் போறா?"

நான் அங்கேயே நிற்பதை அப்போதுதான் அப்பா பார்த்தார். "ஏம்ப்பா, அம்மாவை யாரு கண்டுபிடிக்கணும்?" என்று கேட்டேன். அம்மா என்னைக் குளித்துவிட்டு வரச் சொன்னாள். குளிக்கத்தான் தண்ணீர் இல்லையே என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

தாம்பரத்தில் முதலில் தங்கியது மேற்குப் பக்கம், பஸ் நிற்கும் இடத்துக்கு மேலேயே இருந்த ஒரு லாட்ஜில். தண்ணீர் கொட்டியது. நானும் தம்பியும் ஆளுக்கு இரண்டு முறை குளித்தோம். ஆனால் கட்டில் முழுக்க மூட்டைப்பூச்சி. காலையில் தம்பியின் முதுகு அம்மை போட்டது போல இருந்தது. அம்மா ஜன்னலைத் திறக்கவே விடவில்லை. மறுநாள் வண்டலூர் போனபோதும் அந்த வெயிலில் முந்தானையைத் தலையில் முக்காடாகப் போட்டு, கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே நடந்தாள். சிங்கம் தூரத்தில் ஒரு மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பி அது எழுந்திருக்கும்வரை நகர மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். அம்மா சிங்கத்தைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் வந்துபோகிற ஜனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும், "ஊருக்குப் போயிடலாம்" என்றாள். ரயிலுக்கு ரிசர்வ் செய்திருந்த தேதி வர இன்னும் சில நாட்கள் இருந்தன. கடற்கரையைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. இந்த மூட்டைப்பூச்சியை விட்டுத் தொலைவோம், ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் புதிதாக லாட்ஜுகள் வந்திருக்கின்றன என்று சொல்லி, அடுத்த நாள் காலை அப்பா எங்களைக் கிழக்குத் தாம்பரத்துக்கு அழைத்துப் போனார். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் தம்பி.

தம்பி அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்த புதிது. சுவரொட்டி, கடைப் பலகை எதையும் விடமாட்டான். வேளச்சேரி ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். புதிதாகச் சுண்ணாம்படித்த ஒரு மாடிக் கட்டடத்தின் முன்னால் நின்று, மேலே பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் கத்தினான்.

"அம்மா! உன் பேரு! உன் பேருல லாட்ஜு!"

நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில் அம்மாவின் பெயர்தான் இருந்தது. அபூர்வமான பெயர் ஒன்றுமில்லை. எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "சரிதான். இனிமே வேற எங்க போறது? உள்ள வாங்க" என்றார். அம்மா சிரிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பலகையைப் பார்த்தபோது கால் தானாக உள்ளே போய்விட்டது என்று பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னாள்.

உள்ளே சின்ன ஹால். மேஜைக்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தடித்த மீசை. அப்பா ரூம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் நிமிர்ந்து, "கீது சார், வாங்க. ஃபேமிலியா?" என்று கேட்டபடி சாவி மாட்டியிருந்த பலகையின் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் நான் சுவரைப் பார்த்தேன்.

சாவிப் பலகைக்குப் பக்கத்தில் மூன்று போட்டோக்கள் மாட்டியிருந்தன. மூன்றுக்கும் மாலை. கண்ணாடியில் சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு. கீழே எரிந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சிவப்பு பல்பு. இறந்துபோனவர்களின் படத்தை அப்படித்தான் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு படத்தில் தலைப்பாகை கட்டிய பெரியவர். ஒன்றில் பெரிய மூக்குத்தி போட்ட அம்மாள். மூன்றாவதில் பாவாடை தாவணியில், இரட்டைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, ஸ்டுடியோ நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்கிற ஒரு பெண். அது என் அம்மா.

அம்மாவைப் போல இருக்கிற யாரோ என்று நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. இடது புருவத்தை வெட்டிச் செல்கிற தழும்பு படத்தில் இருந்தது. அதே தழும்பு என் பக்கத்தில், முக்காட்டுக்குக் கீழே இருந்தது. அம்மாவின் கை என் கையில்தான் இருந்தது, வியர்த்துச் சூடாக. என்றாலும் இந்தக் கை யாருடையது என்று பயந்தேன். விடவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை.

"அம்மா, அங்க பாரு" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன்.

அம்மா பார்த்தாள். அவள் தன் படத்தைப் பார்த்து அதிர்ந்ததாகத்தான் நான் நினைத்தேன். அப்படியில்லை. அவள் பார்த்தது மற்ற இரண்டு படங்களை. வாய் திறந்தபடி இருந்தது. என் கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முக்காடு நழுவியது.

எங்கள் வீட்டில் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவள், தன் அப்பாவும் அம்மாவும் உண்மையிலேயே இறந்துவிட்டதை அந்த லாட்ஜ் ஹாலில்தான் தெரிந்துகொண்டாள்.

"இன்னாம்மா ஆச்சு? மயக்கமா? சார், தண்ணி குடுங்க சார்" என்று அந்த மனிதர் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். குனிந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே பின்னால் போனார். முதுகு மேஜையில் இடித்து, மேலே இருந்த சாவிகள் கீழே சிதறின. அவ்வளவு பெரிய மனிதர் அப்படிப் பயந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கை இரண்டையும் முன்னால் நீட்டி, கிட்டே வராதே என்பது போலப் பிடித்திருந்தார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேசினாள்.

"இன்னாடா அப்படிப் பார்த்துகினு நிக்கிற? அம்மா எப்படா போச்சு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணும்னு ஒருத்தனுக்கும் தோணலையா?"

சுவரில் இருந்த படத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய அடியாக இருந்தது. அம்மா ஒருநாளும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. எங்களிடமும் அக்கம்பக்கத்திலும் எங்கள் ஊர்க்காரர்களைப் போலவேதான் பேசுவாள். யாராவது மெட்ராஸ் பாஷை பேசிக் காட்டிச் சிரித்தால்கூடச் சேர்ந்து சிரிக்க மாட்டாள். இப்போது குரலே மாறியிருந்தது. அது எனக்குத் தெரியாத வேறு ஒரு பெண்ணின் குரல். தம்பி அழ ஆரம்பித்துவிட்டான்.

அந்த மனிதர் மெதுவாகக் கைகளை இறக்கினார்.

"அக்கா?" என்றார். "நீ... மஞ்சக்காமாலைல செத்துட்டேன்னு சொன்னாங்களே அக்கா. திருச்சிலயே பொதைச்சுட்டாங்கன்னு அப்பா வந்து சொன்னாரே."

"யாரு சொன்னா?"

"அப்பாதான். நான் எட்டாவது படிக்கச்சே. உன்னைத் தேடிகினு திருச்சிக்குப் போவேன்னு ரெண்டு தபா ஸ்டேஷன் வரைக்கும் ஓடிட்டேன். மூணாவது தபா பிடிச்சுகினு வந்து உக்கார வெச்சுச் சொன்னாரு. மொட்டையெல்லாம் போட்டேன் அக்கா."

சொல்லிவிட்டு அவர் அழுத அழுகை இருக்கிறதே, ஹாலில் இருந்து படியேறப் போன ஒரு வெளியூர்க் குடும்பம் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா எழுந்து போய் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அப்பாவிடம் கேட்டான்: "அம்மா செத்துட்டாங்களாப்பா?"

"இல்லடா. இல்ல" என்றார் அப்பா. சூட்கேஸைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு எனக்குத் தெரியவந்தது இதுதான். அம்மாவின் வீடு மாடம்பாக்கத்தில். நெல் விளைகிற நிலம், மாடு கன்று எல்லாம் இருந்த குடும்பம். அம்மா தாம்பரத்துக்கு டைப் கற்க வந்த இடத்தில் சொல்லிக்கொடுக்கிறவராக இருந்தவர் அப்பா. வெளியூர்க்காரர், வேதக்காரர், கையில் ஒன்றுமில்லாதவர். அம்மா அவரோடு கிளம்பிவிட்டாள். அவளுடைய அப்பா, எனக்கு மகளே இல்லை என்று ஊருக்கு நடுவே சொல்லித் தலைமுழுகினார். அந்தச் செய்தி திருச்சிக்கு வந்தது. அன்றிலிருந்து அம்மாவும் தனக்கு யாருமில்லை என்று சொல்லத் தொடங்கினாள். தன் தம்பி தன்னைத் தேடி ஸ்டேஷனுக்கு ஓடியதோ, அவனை நிறுத்துவதற்காகத் தன் அப்பா தன்னைச் செத்தவளாக்கியதோ அவளுக்குத் தெரியாது.

மாமா, இனி அவரை அப்படித்தான் சொல்ல வேண்டும், ஸ்டூலைப் போட்டு ஏறி அந்த மூன்றாவது படத்தைக் கழற்றினார். மாலையின் நூல் ஆணியில் சிக்கி அறுந்து, சாமந்தி எல்லாம் மேஜைமேல் உதிர்ந்தது. அம்மா படத்தை வாங்கி முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். அந்த வயதுப் படம் ஒன்றுகூட அவளிடம் இருந்ததில்லை. "இந்தத் தாவணி ஞாபகம் கீதாடா? ஒன் பம்பரக் கயித்துக்குக் கிழிச்சுகினியே" என்றாள். மாமா அழுகைக்கு நடுவே தலையாட்டினார்.

"வூட்டுக்கு வா அக்கா" என்றார். அப்பாவை அவர் கூப்பிடவில்லை. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "போலாம்" என்றார் அப்பா.

மாடம்பாக்கத்து வீட்டு வாசலில் மாமாவின் மனைவி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். மாமா சொல்லச் சொல்ல முறம் கையிலிருந்து விழுந்தது. அத்தை அம்மாவின் அருகில் வரவில்லை. எட்ட நின்று கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். பிறகு உள்ளே ஓடினார். கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆரத்தித் தட்டோடு திரும்பி வந்தார். மஞ்சள் தண்ணீர் தட்டில் தளும்பியது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அத்தை எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. வருஷா வருஷம் உங்களுக்குப் பூவாடை வெச்சுக் கும்புடுவோம். புதுப் புடவை, பூ, வளையல் எல்லாம் வெச்சு. கும்புட்டப்புறம் அந்தப் புடவையை நான்தான் கட்டிக்குவேன்." தன் சேலையைத் தொட்டுக் காட்டினார். "இதுகூட உங்களுக்கு வெச்சதுதான்."

கரும்பச்சைச் சேலை, அரக்குக் கரை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா கீது" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? குடும்பத்தில் இறந்துபோன பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடுகிற வழக்கம் அது. உயிரோடு இருக்கிறவள் எதிரே உட்கார்ந்து மோர் குடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மோரைக் கீழே வைத்துவிட்டு அம்மா கேட்டாள்: "எங்கம்மாவுக்குத் தெரியுமா, நான் உயிரோட இருக்கேன்னு?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தைதான் பதில் சொன்னார்.

"தெரியல அண்ணி. அவங்க ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா பூவாடை கும்புடுற அன்னைக்கு மட்டும் அவங்க வூட்டுக்குள்ள இருக்க மாட்டாங்க. எழுந்து மாட்டுக் கொட்டாய் பக்கம் போயிடுவாங்க. உங்க போட்டோவுக்கு அவங்க கையால ஒரு பூ வெச்சு நான் பார்த்ததே இல்ல. கோவமா கீறாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன்."

அதுவரை அம்மா அழவில்லை. இதைக் கேட்டதும் எழுந்து பின்பக்கம் போனாள். நான் பின்னால் போகப் பார்த்தேன், அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். கொட்டகையில் அப்போது மாடு எதுவும் இல்லை. நிலமெல்லாம் மனை மனையாக விற்று, அந்தப் பணத்தில்தான் மாமா அக்கா பெயரில் லாட்ஜ் கட்டியிருந்தார். அங்கே அம்மா அழுத சத்தம் எங்களுக்குக் கூடத்தில் கேட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "செத்துப்போச்சுன்னாங்களே" என்று யாரோ சொல்ல, மாமா போய், "கீது. உயிரோடதான் கீது. போய் வேலையைப் பாருங்க" என்று அதட்டினார்.

மீதியிருந்த நாட்களை மாடம்பாக்கத்தில்தான் கழித்தோம். கடற்கரைக்கு மாமாதான் கூட்டிப் போனார். தம்பி அவர் தோளிலிருந்து இறங்கவேயில்லை. எனக்குத்தான் சாதாரணமாக இருக்க முடியவில்லை. இத்தனை வருடமும் என் அம்மா, அப்பா இருவரும் சேர்ந்து என்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறார்கள் என்பதைவிட, அதை நான் கொஞ்சமும் உணராமல் இருந்திருக்கிறேன் என்பதுதான் திகைப்பாக இருந்தது. அம்மாவும் மாமாவும் பேசுவதை ஓரமாக உட்கார்ந்து கேட்பேன். பாதி புரியாது. அம்மா என்னைப் பார்த்துவிட்டால் சட்டென்று எங்கள் பேச்சுக்குத் திரும்பி, "சாப்பிட்டியாம்மா?" என்பாள்.

மாமா அப்பாவோடு மட்டும் பேசவில்லை. பரிமாறச் சொல்லுவார், பாய் போடச் சொல்லுவார், எல்லாம் அத்தை மூலம்தான். கிளம்புகிற அன்று தாம்பரம் ஸ்டேஷனில் எங்களுக்குப் புளிசாதப் பொட்டலமும் ஒரு பலாப்பழமும் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அப்பா வணக்கம் சொன்னதை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல இருந்தார்.

அடுத்த பொங்கலுக்கு அவர் முன்கூட்டிச் சொல்லாமல் திருச்சிக்கு வந்தார். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, வெறுங்கையாக வாசலில் நின்றார். கரும்பும் மஞ்சள் கொத்தும் பின்னால் ரிக்ஷாவில். பெட்டி எங்கே என்று அம்மா கேட்டாள். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறேன் என்றார்.

"இங்க வூடு இருக்கச்சே லாட்ஜுல தங்குவியாடா?" என்று அம்மா கத்தினாள்.

"சார் கூப்பிடலையே" என்றார் மாமா. அம்மா டைப் கற்கப் போன காலத்தில் அப்பாவை அவர் கூப்பிட்டுப் பழகிய பெயர் அது.

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவுக்கு இது கேட்டிருக்க வேண்டும். முகத்தில் பாதி நுரையோடு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பில் காலை நுழைத்தார். "வாங்க. எந்த லாட்ஜ்?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் நடந்தே போனார்கள். திரும்பி வரும்போது மாமா முன்னால் வந்தார், அப்பா அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். வழியில் பெட்டியை வாங்கிக்கொள்ள மாமா நாலைந்து தடவை கை நீட்டினாராம், அப்பா கொடுக்கவேயில்லையாம்.